கையைக் கடிக்காமல் சத்தான வீகன் சாப்பாடு முடியுமா?

பால், முட்டை, இறைச்சி எதுவுமே இல்லாத வீகன் சாப்பாட்டுக்கு மாறினால் செலவு எகிறாதா, சத்து போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். செலவு எகிறுவது பாதாம் பால், வீகன் சீஸ், போலி இறைச்சி என்று பாக்கெட்டில் வருவதை வாங்கும்போதுதான், அதெல்லாம் இல்லாமலே தாராளமாகச் சாப்பிடலாம்.

காய்ந்த பருப்பு, பயறு வகைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். 100 கிராம் காய்ந்த பருப்பில் சுமார் 24 கிராம் புரதம் இருக்கிறது. கொண்டைக்கடலையை இரவே ஊறப்போட்டு வேகவைத்தால் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும், டப்பாவில் வெந்து வருவதைவிட எவ்வளவோ மலிவு. விரலால் அழுத்தினால் மாவாக நசுங்க வேண்டும். அதற்கு முன்னாலேயே தக்காளியைப் போட்டால் புளிப்பில் சீக்கிரம் வேகாது. நான் மொத்தமாக வேகவைத்து, ஒரு வேளை அளவாகப் பிரித்து ஃப்ரீசரில் போட்டுவிடுவேன், இல்லையென்றால் அலுப்பான நாளில் கை தானாக ஹோட்டல் சாப்பாட்டுக்குப் போகும். (செலவு கூடுவது பெரும்பாலும் அங்கேதான்.)

காய்கறி அந்தந்தப் பருவத்தில் கிடைப்பதை வாங்குங்கள். கீரை, பயறில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் ஒட்ட, கூடவே எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து டீ, காபி குடியுங்கள்.

அப்புறம் பி12 வைட்டமின். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தாவர உணவிலிருந்து அது நம்பும்படி கிடைக்காது, மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ கட்டாயம். சாதாரண மாத்திரையே போதும், வீகன் என்று பெரிதாக அச்சடித்த விலை உயர்ந்த டப்பாவைத் தேடி அலைய வேண்டாம்.