ஓதம் அடித்த செங்கல் சுவரை ஜிப்சம் போர்டால் மூடலாமா?

பழைய ஒன்பது அங்குலச் சுவர், தரையிலிருந்து மூன்றடி வரை பூச்சு பொரிந்து கொட்டுகிறது, மறுபூச்சுக்குப் பதில் ஜிப்சம் போர்டு அடிக்கலாமா என்கிறீர்கள். அடிக்கலாம், ஈரம் போகாது, கண்ணில் படாது, அவ்வளவுதான். போர்டின் இருபக்கமும் காகிதம். பூஞ்சைக்கு அதுதான் தீனி. ஈரம் தாங்கவென்றே வரும் பச்சை நிற ஜிப்சம் போர்டு குளியலறை ஆவியைத் தாங்கும், ஊறிக்கொண்டே இருக்கும் சுவரை அல்ல.

முதலில் பூச்சைத் தட்டிவிட்டு, செங்கல் மேல் ஓரடிச் சதுர பாலிதீன் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் முத்துமுத்தாக நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் என்றால் அறைக்காற்றின் ஈரம்; ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி தீரும்.

சுவரிலிருந்து என்றால் வெளியே போய்ப் பாருங்கள். பெரும்பாலும் வெளி மண் வீட்டுத் தரை மட்டத்துக்கு ஏறியிருக்கும், அல்லது மழைநீர்க் குழாய் ஒழுகும். மண்ணைத் தரைமட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறக்குங்கள். பழைய பூச்சை ஈரத்தடத்துக்கு ஓரடி மேல்வரை எடுத்துவிடுங்கள். அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தையும் இழுக்கும். பிறகு பொறுமை: சுவரின் ஒவ்வொரு 25 மி.மீ. கனமும் காய ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. காய்ந்தபின் சுண்ணாம்புப் பூச்சே என் தேர்வு.

போர்டுதான் வேண்டுமென்றால் பசை உருண்டை வைத்து ஒட்டாதீர்கள், அந்த உருண்டை வழியே ஈரம் ஏறும். சுவரைத் தொடாத இரும்புச் சட்டத்தில், தரையிலிருந்து ஒரு செ.மீ. தூக்கி அடியுங்கள்.