தோளில் பட்டை அழுந்துகிறது, பின்பக்கம் மேலே ஏறுகிறது: சரியான பிரா அளவை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: மார்பின் கீழே சுற்றிவரும் பட்டி தளர்வாக இருக்கிறது. எடையைத் தாங்க வேண்டியது அதுதான். அது தளர்ந்தால் சுமை தோளுக்குப் போகும். தோளில் வரும் பட்டையை எவ்வளவு சரிசெய்தாலும் தீராது.

மூச்சை வெளியே விட்டு, மார்புக்குக் கீழே டேப்பை இறுக்கிப் பிடித்து அளவெடுங்கள். 33 அங்குலம் வந்தால் பட்டி அளவு 34ஐப் போட்டுப் பாருங்கள். பிறகு மார்பின் எடுப்பான பகுதியை டேப் அழுத்தாமல் அளங்கள். பட்டி அளவைவிட 1 அங்குலம் கூடினால் ஏ கப், 2 பி, 3 சி. இது தொடக்கம் மட்டுமே. நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறும்.

புதியதைக் கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வானதில், மாட்டிப் பாருங்கள். எலாஸ்டிக் நாளடைவில் தளரும், உள்கொக்கிகள் அப்போது இறுக்கிக்கொள்ளத்தான். முன்னால் குனிந்து, அக்குள் பக்கத்துச் சதையையும் கப்புக்குள் எடுத்துவிடுங்கள். பலரும் விட்டுவிடும் படி இது. ஓரத்தில் சதை பிதுங்கினால் கப் சிறியது.

பட்டியை மட்டும் குறைக்காதீர்கள். 36பியில் பட்டி தளர்ந்து கப் சரியாக இருந்தால், வாங்க வேண்டியது 34சி. 34பியில் கப்பும் சிறுத்துவிடும். இரு மார்பும் ஒரே அளவில் இல்லாதது இயல்பே. பெரியதற்கேற்ற கப்பை எடுங்கள்.