2.13 டாலர் சம்பளம் சட்டப்படி சரியா? அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலி விலக்குகள்: கேள்வி-பதில்

கேள்வி: டெக்சஸில் ஓட்டல் சர்வராக இருக்கிறேன். மணிக்கு 2.13 டாலர். போன வாரம் 45 மணி நேரம் வேலை. கூடுதல் 5 மணிக்கு 3.20 வீதம் போட்டிருக்கிறார்கள். சரியா?

பதில்: 2.13 சரி, 3.20 தப்பு. மாதம் 30 டாலருக்கு மேல் டிப்ஸ் வாங்குகிறவருக்கு, 7.25 டாலர் குறைந்தபட்சக் கூலியில் 5.12 வரை டிப்ஸிலேயே கழித்துக்கொள்ள மத்தியச் சட்டம் விடுகிறது. முன்கூட்டியே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். 1991-இல் வந்த 2.13 இன்றும் அதேதான். ஆனால் ஓவர்டைமை அதிலிருந்து கணக்கிடக் கூடாது. 7.25-இன் ஒன்றரை மடங்கு 10.88, 5.12 போக 5.76. அந்த வாரம் உங்களுக்கு 12.80 டாலர் பாக்கி.

டிப்ஸையும் கூட்டிப் பாருங்கள். 45 மணிக்கு 230.40 டாலராவது சேர்ந்திருக்க வேண்டும். 180தான் வந்ததென்றால் மீதி 50.40 முதலாளி தலையில். கணக்கு வாரா வாரம்; கூட்டம் அலைமோதிய வாரத்தைக் காட்டி, ஈ ஓட்டிய வாரத்தை ஈடுகட்ட முடியாது. நேரத்தையும் டிப்ஸையும் தினமும் குறித்துவையுங்கள். பாக்கியை 2 வருடத்துக்குள் கேட்கலாம். வேண்டுமென்றே ஏய்த்திருந்தால் 3.

கேள்வி: உடைந்த தட்டுக்குப் பிடித்தம், மேனேஜருக்கு டிப்ஸில் பங்கு. கேட்டால் 'எல்லா இடத்திலும் இப்படித்தான்' என்கிறார்கள்.

பதில்: இரண்டும் கூடாது. 2.13 வாங்குகிறவரிடம் ஒரு தட்டுக்குப் பிடித்தாலும் கூலி 7.25-க்குக் கீழே போய்விடும். மேனேஜர், முதலாளி யாரும் உங்கள் டிப்ஸைத் தொடக் கூடாது.

கேள்வி: 18 வயது மகனுக்குக் கடையில் 4.25 டாலர்தான் தருகிறார்கள்.

பதில்: 20 வயதுக்குக் கீழே இருந்தால், சேர்ந்த நாளிலிருந்து 90 நாள் மட்டும். வேலை பார்த்த நாளை எண்ணுவதில்தான் ஏமாற்று நடக்கிறது. விடுமுறையும் சேர்த்துக் காலண்டர் நாள்தான் கணக்கு. மாநிலச் சட்டம் கூடுதலாகக் கொடுக்கச் சொன்னால் அதுதான் செல்லும்.

கேள்வி: மாற்றுத்திறனாளியான தங்கைக்குப் பொட்டலம் கட்டும் வேலை, 7.25-க்கும் குறைவு. எப்படி?

பதில்: 14(சி) சான்றிதழ் (மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுக்க மத்தியத் தொழிலாளர் துறை தரும் அனுமதி) உள்ள இடத்தில் நடக்கும். அதே வேலைக்கு அந்த வட்டாரக் கூலி 12 டாலர், தங்கை செய்வது பாதியளவு என்றால் 6 டாலர். மணிக்கூலி என்றால் 6 மாதத்துக்கு ஒருமுறையாவது வேலையை மறுபடி அளக்க வேண்டும். அளந்த தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்: அவர் கைக்கு எட்டாத மேசையில் வைத்து நேரம் பார்த்திருந்தால் அந்த அளவே கோணல். பல மாநிலங்கள் இந்த விலக்கை ஒழித்துவிட்டன. உங்கள் மாநிலத்தில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.