மாதாவின் அங்கியில் மடிப்பு எங்கே?

கேள்வி: இத்தாலியின் பழைய பலிபீட ஓவியங்கள் சிலவற்றில் மற்றவர்களின் உடை மடிப்பு மடிப்பாக இருக்கிறது. மாதாவின் அங்கி மட்டும் கறுப்புத் திட்டாக இருக்கிறதே, ஏன்?
வாசகி, திண்டுக்கல்

மடிப்பு உள்ளேதான் இருக்கிறது அம்மா, நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. அன்று நல்ல நீலத்துக்கு இரண்டு கல். ஒன்று அசுரைட் என்ற செம்புத் தாது. நைஸாக அரைத்தால் வெளிறிவிடும் என்பதால் கொரகொரப்பாகவே பூசுவார்கள். பின்னால் யாராவது மேலே தடவிய வார்னிஷ் அந்தக் கொரகொரப்பில் இறங்கி, பழுப்பேறி, நீலத்தையே கறுக்க வைத்துவிடும். இன்னொன்று ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலையில் வெட்டிய லாபிஸ் லாசுலியிலிருந்து எடுத்த அல்ட்ராமரின். விலையைக் கேட்டால் தலை சுற்றும். புளோரன்ஸில் கைவிடப்பட்ட குழந்தைகள் இல்லத்துக்காக 1485-ல் ஓவியர் கிர்லாண்டாயோ போட்ட ஒப்பந்தத்தில், நீலம் அவுன்ஸ் சுமார் நான்கு ஃபுளோரின் (அந்த ஊர்த் தங்க நாணயம்) பெறும் அல்ட்ராமரினாக இருக்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. வண்ணச் செலவும் சேர்த்து அவருக்குக் கிடைத்தது 115 ஃபுளோரின். பணம் கொடுப்பவருக்கு மடிப்பின் அழகைவிட நீலத்தின் தரத்தில்தான் கண் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கேள்வி: ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியம் பக்கம்) ஓவியர் வான் ஐக் வரைந்த துணியைத் தொட்டுப் பார்க்கலாம் போலிருக்கிறது. அதே காலத்து இத்தாலியர்கள் வரைந்தது அப்படி இல்லையே?
வாசகர், நாகர்கோவில்

கலவை வேறு, ஐயா. இத்தாலியில் அப்போது பெரும்பாலும் முட்டை மஞ்சள் கருவில் குழைத்த டெம்பரா. 1400-ஐ ஒட்டி ஓவியக் கைநூல் எழுதிய இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி, துணிக்கு மூன்று கிண்ணம் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்: ஒன்றில் அசல் நிறம், ஒன்றில் வெள்ளை கலந்து வெளிறியது, நடுவில் இரண்டும் சேர்ந்தது. பள்ளத்துக்கு அடர்நிறம், மேட்டுக்கு வெளிர்நிறம், அப்புறம் உச்சியில் வெள்ளைக் கீற்று. (இளம் முகத்துக்கு நகரத்துக் கோழியின் முட்டை, கிழ முகத்துக்குக் கிராமத்துக் கோழியின் முட்டை என்றும் சொல்கிறார் மனிதர்! கிராமத்து மஞ்சள் கரு கொஞ்சம் சிவந்திருக்குமாம்.) டெம்பரா பூசிய மறு நிமிடமே காய்ந்துவிடும், இழைத்து மங்கலாக்க முடியாது. அதனால் மயிரிழைக் கோடுகளை அடுத்தடுத்துப் போட்டுத்தான் நிழலைக் கொண்டுவர வேண்டும். நல்ல அச்சில் மடிப்பின் ஓரத்தை உருப்பெருக்கியில் பாருங்கள், கோடு கோடாகத் தெரியும்.

வான் ஐக்கிடம் இருந்தது எண்ணெய். மெதுவாகத்தான் காயும். 1432-ல் முடிந்த, கென்ட் நகரத்துப் பலிபீட ஓவியத்தில் ஒளி ஊடுருவும் பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. வெளிச்சம் அவற்றைக் கடந்து அடியிலுள்ள வெள்ளைச் சுண்ணப் பூச்சில் பட்டுத் திரும்புவதால்தான் அந்த ஆழம். சிவப்பு அங்கியென்றால் அடியில் வெர்மிலியன் என்ற ஒளி ஊடுருவாத சிவப்பு, மேலே அரக்குச் சாயம் போன்றவற்றில் செய்த ஊடுருவும் சிவப்பு. பள்ளம் கறுக்க வேண்டுமா, இன்னொரு பூச்சு.

ஃபிளாண்டர்ஸ் பக்கத்து ஓவியங்களில் மடிப்புகள் முறிந்து முறிந்து கோணலாக விழும். மாட்ரிட்டின் பிராடோவில் ரோகியர் வான் டெர் வெய்டன் வரைந்த, இயேசுவைச் சிலுவையிலிருந்து இறக்கும் ஓவியம் இருக்கிறது. மயங்கிச் சரியும் மாதாவின் நீல அங்கியைக் கவனியுங்கள். ஃபிளாண்டர்ஸ் கனத்த கம்பளித் துணிக்குப் பேர்போன ஊர், ஓவியர்களின் கண்ணும் அதில் பழகியிருக்கும். எனக்கு இத்தாலியர் மடிப்பைவிட இதுவே பிடிக்கும்.

கேள்வி: ஒரு சம்மனசின் (தேவதூதரின்) உடை வெளிச்சத்தில் மஞ்சள், நிழலில் சிவப்பு. ஓவியர் தவறா?
மாணவி, மதுரை

தவறே இல்லை. ஊடும் பாவும் வேறு நிறமாக நெய்த பட்டு அது, நம் மயில்கழுத்துச் சேலை மாதிரி. சென்னினி இதற்கும் செய்முறை தருகிறார். நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் நிறம் அழுக்காகிவிடும். நிறத்தையே மாற்றிவிட்டால் மடிப்பும் தெரியும், பளிச்சென்றும் இருக்கும்.