வைத்தியபீடம் கிடைக்காத பிள்ளைக்கு உடற்கூற்றியல் எதற்கு?

வெள்ளவத்தையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகளின் இசட் புள்ளி, அதாவது பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் புள்ளி, வைத்தியபீடத்துக்குப் போதவில்லை. தனியார் நிறுவனம் ஒன்று மனித உடற்கூற்றியல் (உறுப்புகளின் அமைப்பு), உடற்றொழிலியல் (அவற்றின் வேலை) அடிப்படைப் பாடநெறிக்கு ஆள் சேர்க்கிறது, காசு கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அந்தப் பாடத்தை மட்டும் படித்து எந்த வைத்தியசாலையிலும் வேலை எடுக்க முடியாது. தாதியம், இயன்மருத்துவம் (பிசியோதெரபி), மருந்தாளர், ஆய்வுகூடம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஆரம்பத்திலேயே அதைப் படிப்பிப்பார்கள். பிறகு ஏன் தனியாகக் காசு? பாடம் பிள்ளைக்குப் பிடிக்குமா என்று பார்க்க மட்டுமென்றால், உயர்தர உயிரியல் புத்தகமே வீட்டில் இருக்கிறதே.

மகளிடம் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். இதயத்தின் இடது இதயவறைச் சுவர் ஏன் வலதை விடத் தடிப்பு? சின்னப் பிள்ளை விழுங்கும்போது புரைக்கேறிய கச்சான் கொட்டை ஏன் பெரும்பாலும் வலது நுரையீரல் பக்கம் போகிறது? முதலாவதற்கு, வலது பக்கம் அருகிலுள்ள நுரையீரலுக்கு மட்டும் இரத்தத்தைத் தள்ளுகிறது, இடது பக்கம் உடம்பு முழுவதற்கும் தள்ள வேண்டும் என்பது விடை. இரண்டாவதற்கு, மூச்சுக்குழாயின் வலது கிளை அகலமானது, கட்டையானது, நேர் கீழாகவும் இறங்குகிறது. உறுப்பின் அமைப்பையும் அதன் வேலையையும் இப்படிச் சேர்த்து யோசிப்பவளுக்கு இந்தத் துறை சரிவரும். 206 எலும்பின் பெயரையும் பாடமாக்கிவிட்டு எதற்கென்று கேட்காதவள் கஷ்டப்படுவாள். ரியூசன் வகுப்புகள் இரண்டாவது வகையைத்தான் அதிகம் உருவாக்குகின்றன, அது வேறு கதை.

எந்தத் தொழில் என்பதும் முக்கியம். இயன்மருத்துவத்தில் தசை, மூட்டு, நரம்பு எல்லாம் விரல் நுனியில் இருக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் இரத்தமும் சிறுநீரும்தான் உலகம். சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லீற்றர் திரவத்தை வடிகட்டி, அதில் ஒன்றரை லீற்றர் அளவைத்தான் வெளியே விடுகின்றன. மீதி எப்படித் திரும்பப் போகிறது என்று விளங்கினால்தான் அறிக்கையிலுள்ள இலக்கங்களுக்கு அர்த்தம் தெரியும். தாதிக்கு எல்லாவற்றிலும் கொஞ்சம் வேண்டும். நாடித் துடிப்பும் பிரஷரும் எப்போது ஆபத்து என்று வைத்தியர் வருவதற்கு முன்பே அவர்தான் உணர வேண்டும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. வைத்தியபீடத்துக்குப் போதாத புள்ளி தாதியம், மருந்தாக்கவியல் போன்ற பட்டப்படிப்புகளுக்குப் போதலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் பாருங்கள், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தையும் விட்டுவிடாதீர்கள். கொழும்பை விட்டு அனுப்ப மாட்டேன் என்று நின்றால் வாய்ப்புப் பாதியாகிவிடும். அரச தாதியர் பயிற்சி 3 வருடம், அதற்கு வர்த்தமானியைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். தனியார் நிறுவனம் என்றால், அந்தப் படிப்பை முடித்தவருக்கு உரிய சபையில் பதிவு கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். உதாரணமாக, மருந்தாளருக்கு இலங்கை மருத்துவ சபையில் பதிவு வேண்டும். எழுத்தில் தராத நிறுவனத்துக்குக் காசு கட்ட வேண்டாம்.

பட்டப்படிப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும். அதற்குப் பயந்து பின்வாங்க வேண்டியதில்லை. காத்திருக்கும் மாதங்களில் அதே உயிரியல் பாடத்தை ஆங்கிலப் புத்தகத்தில் மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். விஷயம் ஏற்கனவே தெரியுமென்பதால் சொற்கள் சீக்கிரம் பிடிபடும்.

என்னைச் சந்திக்க வரும்போது பெறுபேற்றுத் தாளோடு மகளையும் கூட்டி வாருங்கள். அவளும் கொஞ்சம் பேசட்டும்.