பதில்: 70 வயது அப்பா, தினம் இரண்டு குவார்ட்டர். சட்டென்று நிறுத்தலாமா?

நாளையிலிருந்து ஒரு சொட்டு தராமல் அறையில் பூட்டிவைக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாங்க. தினம் 360 மில்லி பிராந்திக்குப் பல வருடம் பழகிய உடம்பு அது. திடீரென நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்தே கை நடுக்கம், வியர்வை தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் உளறுவது, இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவது என்று போனால் 'வயசாகிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள். உயிர் போகும் நிலை அது. உடனே 108.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேர்த்து நிறுத்துவதுதான் சரி. சர்க்கரை, பிரஷர், தூக்க மாத்திரைச் சீட்டுகள் எல்லாவற்றையும் காட்டுங்கள். குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். சரியாகச் சாப்பிடாத குடிநோயாளிக்கு அது குறைந்திருக்கும். கவனிக்காவிட்டால் ஞாபகசக்தி நிரந்தரமாகப் போகலாம்.

குடியை மறக்கடிக்க என்று பக்கத்து வீட்டார் சொன்ன 'குழம்பில் கலக்கும் பொடி' கூடவே கூடாது. அதில் டைசல்ஃபிராம் (மதுவோடு சேர்ந்தால் உடம்பைப் படுத்தும் மருந்து) இருந்து, அது தெரியாமல் அப்பா மது குடித்தால் ரத்த அழுத்தம் சரியும். ஸ்டென்ட் வைத்தவர் வேறு!

மருத்துவமனையில் படுக்கை கிடைக்கும்வரை குடிக்கும் அளவை நீங்களாக வெட்டாதீர்கள், வேளைக்குச் சாப்பிட வையுங்கள். அவர் வர மறுத்தால் 14416-க்கு (அரசின் மனநல உதவி எண்) அழைத்துத் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம், இலவசம்.