திரையரங்கில் வந்த கண்ணீர்

கேள்வி: எனக்கு வயது 43. கடவுள் நம்பிக்கை உண்டு. ஆனால் சில வருடங்களாக வழிபாட்டில் உட்கார்ந்தால் மனம் கல்லாகக் கிடக்கிறது. வாய் மட்டும்தான் சொல்கிறது. போன மாதம் குடும்பத்தோடு ஒரு படத்துக்குப் போனோம். பல வருடங்கள் பேசாமலிருந்த அப்பாவும் மகனும் கடைசியில் ஒருவரையொருவர் மன்னிக்கிற காட்சியில் என்னை அறியாமல் அழுதுவிட்டேன். பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. கடவுள்தான் என்று அந்த நிமிடம் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். “சாமி முன்னாடி வராத கண்ணீர் சினிமா பார்த்தா வருதா?” என்று வருத்தத்தோடு கேட்டாள். நான் உணர்ந்தது கடவுளா, வெறும் உணர்ச்சியா? பாத்திரம் கழுவும்போதும் வண்டி ஓட்டும்போதும் அவரை நினைத்துக்கொண்டால் போதாதா? எதுவுமே தோன்றாத வழிபாட்டை விட்டுவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். அது தெளிந்தால் மற்ற இரண்டும் பாதி தெளிந்துவிடும்.

உங்கள் மனைவி கேட்டதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிட்டத்தட்ட அதே கேள்வியைப் பழங்காலக் கிறிஸ்தவச் சிந்தனையாளர் புனித அகுஸ்தினார் தன்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறார். இளம் வயதில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் படித்தபோது அவருக்கு நாடகப் பித்து. அதுவும் சோக நாடகம் என்றால் உயிர். பார்த்துப் பார்த்து அழுதார். பிறகு, கி.பி. 400ஐ ஒட்டி ஒப்புதல்கள் என்ற தன் வாழ்க்கைக் கதையை எழுதும்போது அந்தக் கண்ணீரைத் திரும்ப எடுத்து ஆராய்கிறார். தனக்கு வந்தால் தாங்கமுடியாத துக்கத்தை மனிதன் ஏன் காசு கொடுத்துப் பார்த்து ரசிக்கிறான்? மேடையில் துடிக்கிறவனுக்குப் பார்வையாளன் ஓடிப்போய் உதவவேண்டியதில்லை, அழுதால் போதும். நன்றாக அழவைக்காவிட்டால் நாடகம் சரியில்லை என்று குறை சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். அந்த இரக்கத்தை இரக்கம் என்று எப்படிச் சொல்வது? இதுதான் அவர் கேட்டது.

கடுமையான கேள்விதான். நாம் கொஞ்சம் சங்கடப்படவும் வேண்டும். நீங்கள் பார்த்த அந்தக் காட்சி, பார்ப்பவர் அழவேண்டும் என்றே எடுக்கப்பட்டது. எந்த இடத்தில் இசை ஏறவேண்டும், எந்த இடத்தில் நிற்கவேண்டும், அப்பாவின் முகம் எவ்வளவு நேரம் திரையில் இருக்கவேண்டும் என்பதையெல்லாம் தொழில் தெரிந்தவர்கள் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். உங்கள் வரிசையில் கடவுள் நம்பிக்கையே இல்லாதவர்கூட அதே இடத்தில் கண்ணைத் துடைத்திருப்பார். அதனால் கண்ணீர் வந்தது என்பதை மட்டும் வைத்துக் கடவுள் வந்தார் என்று சொல்லமுடியாது.

ஆனால் மனிதர்கள் திட்டமிட்டுச் செய்தது என்பதாலேயே கடவுளுக்கு அங்கே இடமில்லை என்றும் சொல்லக்கூடாது. அப்படிச் சொன்னால் வழிபாட்டுப் பாடல்களையும் தள்ளவேண்டியிருக்கும். அவற்றுக்கும் மெட்டுப் போட்டது மனிதர்தான். எந்த வரியைத் திரும்பப் பாடினால் மனம் கரையும் என்று அவர்களுக்கும் தெரியும்.

நம் மொழியின் பக்தி இலக்கியத்தைப் பாருங்கள். திருவாசகத்தில் அம்மானை, சாழல், பூவல்லி, பொன்னூசல் என்று வருகிறதே, அவை பெண்கள் விளையாடும்போதும் பூப்பறிக்கும்போதும் ஊஞ்சலாடும்போதும் பாடிய பாட்டு வடிவங்கள். மாணிக்கவாசகர் அந்த வடிவத்தையே எடுத்துக்கொண்டு சிவனைப் பாடினார். ஆழ்வார்கள் சங்க அகப்பாட்டில் காதலனுக்காக ஏங்கும் பெண்ணின் குரலை எடுத்துத் திருமாலிடம் பேசினார்கள். சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபு இறைவனை மனோன்மணி என்ற காதலியாக அழைத்துப் பாடினார். மக்கள் கூடி ரசித்த குறவஞ்சி நாடகத்தைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சியாக்கினார். அந்தந்தக் காலத்தின் வெகுஜனக் கலை இவர்களுக்குத் தீட்டாகத் தெரியவில்லை. கடவுளோடு பேசச் சனங்களின் வாயிலிருந்த பாட்டே போதும் என்று இருந்தார்கள். எனக்கு இவர்கள்மேல் மிகுந்த மரியாதை உண்டு.

அப்படியானால் எதை வைத்துப் பிரித்தறிவது?

இங்கேதான் இயேசு சபையைத் தொடங்கிய புனிதர் லொயோலா இஞ்ஞாசியாரின் அனுபவம் உங்களுக்குக் கைகொடுக்கும். அவர் முதலில் போர்வீரர். 1521இல் ஸ்பெயினின் பாம்ப்லோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். பொழுதுபோக வீரசாகசக் கதைகள் கேட்டார். அந்தக் காலத்து வெகுஜன நாவல்கள் அவைதான். வீட்டில் அப்படி எதுவும் இல்லை. கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்களின் கதைகளும்தான் இருந்தன. வேறு வழியில்லாமல் அவற்றைப் படித்தார். படிக்காத நேரத்தில் பகல்கனவு. ஒரு பெரிய இடத்துப் பெண்ணுக்காகத் தான் செய்யப்போகும் வீரச்செயல்களை மணிக்கணக்கில் கற்பனை செய்வார். இன்னொரு சமயம் புனிதர்களைப்போல வாழ்ந்தால் எப்படியிருக்கும் என்று யோசிப்பார். இரண்டுமே யோசிக்கும்போது இன்பமாகத்தான் இருந்தன. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனித்தார். முதல் கனவு முடிந்ததும் மனம் வறண்டு, அதிருப்தியாகிவிடும். இரண்டாவது முடிந்த பிறகும் மகிழ்ச்சி தங்கியிருந்தது. அந்தப் படுக்கையில் கவனித்த இந்த ஒன்றிலிருந்துதான் அவருடைய ஆன்மிக வழிமுறையே வளர்ந்தது.

அனுபவம் நடக்கிற நேரத்தில் எவ்வளவு பலமாக இருந்தது என்பது பெரிய அளவுகோல் இல்லை. முடிந்த பிறகு அது உங்களை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது என்று பாருங்கள். படம் பார்த்து ஒரு மாதம் ஆகிவிட்டது. இந்த ஒரு மாதத்தில் நீங்கள் யாரிடமாவது கொஞ்சம் பொறுமையாகப் பேசினீர்களா? வீட்டில் கோபம் குறைந்ததா? அல்லது அந்த உணர்வு மறுபடி வேண்டும் என்று அதேபோல இன்னொரு படத்தைத் தேடினீர்களா? கடவுளின் தொடுதல் மனிதரை மனிதர் பக்கம் திருப்பும் என்பது என் உறுதியான நம்பிக்கை. தன்னையே தடவிக்கொடுத்துக்கொண்டு, ‘நான் எவ்வளவு இளகிய மனசுக்காரன்’ என்று திருப்தியோடு நின்றுவிட்டால், அது அகுஸ்தினார் பயந்த கண்ணீர்.

இந்த இடத்தில் ஒன்று கேட்கவேண்டும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பாவும் மகனும் பேசாமலிருந்து மன்னிக்கிற காட்சி என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வாழ்க்கையில் அப்படிப் பேசாமல் இருப்பவர் யாராவது உண்டா? கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. இல்லாமலும் இருக்கலாம், வெறும் ஊகம்தான். ஆனால் ஒரு படத்தில் எத்தனையோ காட்சிகள் வருகின்றன. அதில் ஒன்று மட்டும் நம்மைப் பிடித்து உலுக்கினால் அதற்குக் காரணம் பெரும்பாலும் நம்மிடம்தான் இருக்கும். இசையைப்பற்றி இஸ்லாமிய ஞானி இமாம் கஸ்ஸாலி சொன்னதும் இதுதான்: இசை புதிதாக எதையும் மனதுக்குள் கொண்டுவந்து போடுவதில்லை, ஏற்கனவே உள்ளே இருப்பதை அசைத்து வெளியே கொண்டுவருகிறது. அழுதபோது யாருடைய முகமாவது நினைவுக்கு வந்ததா? வந்திருந்தால், பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் சொல்ல வந்தது அந்த முகத்தைப்பற்றித்தான் என்று நான் நினைக்கிறேன். அவருக்கு ஒரு போன் செய்யுங்கள். பெரிதாக எதுவும் பேசவேண்டாம், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் போதும். ஒருவேளை அவர் உங்களை அடித்தோ வதைத்தோ கொடுமை செய்தவர் என்றால் போன் செய்யவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. மன்னிப்பது வேறு, மறுபடி அவர் கைக்குள் போய் அகப்படுவது வேறு. அப்படியானால் நம்பிக்கையான ஒருவரிடம் முதலில் மனம்விட்டுப் பேசுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். வெகுஜனக் கலையில் கடவுளைக் கண்டுகொள்ளத் தொடங்கியவர்களுக்கு அப்புறம் எல்லாமே சகுனமாகத் தெரிய ஆரம்பித்துவிடும். மனக்குழப்பத்தோடு வண்டியில் ஏறினேன், ரேடியோவில் சரியாக அந்தப் பாட்டு வந்தது, கடவுள் பதில் சொல்லிவிட்டார் என்று எனக்கு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பாட்டு ஆறுதல் தந்திருந்தால் நன்றி சொல்லுங்கள். ஆனால் அதை வைத்து வேலையை விடுவது, கல்யாணத்தை முடிவு செய்வது எல்லாம் வேண்டாம். அதற்கு நிதானமான யோசனையும் அனுபவப்பட்டவர்களின் பேச்சும் வேண்டும். அதேபோல, பழிவாங்கும் படத்தில் கதாநாயகன் எதிரியை அடித்து நொறுக்கும்போதும் உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது. சிலிர்ப்பெல்லாம் சாமி இல்லை.

இனி இரண்டாவது கேள்வி. பாத்திரம் கழுவும்போது கடவுளை நினைப்பது நிச்சயம் வழிபாடுதான். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தில், கார்மேல் சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். முன்பு போர்வீரர், பெரிய படிப்பில்லை. மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையலறை வேலை. அந்த வேலை அவருக்குச் சுபாவத்திலேயே பிடிக்காது. இதைத்தான் முக்கியமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அடுப்படியில் ஆனந்தமாகப் பாடிக்கொண்டு நின்றவர் என்று நாமாகக் கற்பனை செய்துகொள்கிறோம். பிடிக்காத வேலையை, கடவுளுக்காகச் செய்கிறேன் என்று மனதில் அவரோடு பேசிக்கொண்டே செய்யப் பழகினார். பாத்திரங்களின் சத்தத்துக்கும் பலபேர் ஒரே நேரத்தில் போடும் கூச்சலுக்கும் நடுவிலும், முழந்தாள்படியிட்டு நிற்கும்போது கிடைக்கும் அதே அமைதி தனக்கு இருக்கிறது என்று அவரால் பிற்காலத்தில் சொல்லமுடிந்தது. ஆனால் முதல் சுமார் பத்தாண்டுகள் தான் மிகவும் தவித்ததாகவும் அவரே எழுதியிருக்கிறார்.

அந்தப் பழக்கம் சும்மா வருவதில்லை. தினமும் இரவு ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இதுவும் இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த முறைதான். முதலில் அன்றைய நாளுக்கு நன்றி சொல்லுங்கள். பொதுவாகச் சொல்லாமல், குறிப்பாக ஒன்றுக்கு. அப்புறம் காலையிலிருந்து மணிவாரியாகத் திரும்பிப் பாருங்கள். எந்த நேரத்தில் மனம் திறந்தது, எந்த நேரத்தில் இறுகியது? அலுவலகத்தில் ஒருவர் சொன்ன சொல், காதில் விழுந்த ஒரு பாட்டு, போனில் பார்த்த ஒரு காணொளி, பிள்ளை கேட்ட கேள்வி, எதுவாகவும் இருக்கலாம். தவறியதற்கு மன்னிப்புக் கேட்டு, நாளைக்கு ஒன்றே ஒன்றைச் சரிசெய்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தூங்குங்கள். ஆரம்பத்தில் வெறுமையாக இருக்கும். கொஞ்ச நாளானால், இரவில் கவனித்ததைப் பகலிலேயே, நடக்கிறபோதே கவனிக்கத் தொடங்குவீர்கள். பாத்திரம் கழுவுவது அப்போதுதான் வழிபாடாகும். இல்லாவிட்டால் பாத்திரம் கழுவும்போது நாளைய கவலைதான் மனதில் ஓடும், கடவுள் எங்கே ஓடப்போகிறார்?

மூன்றாவது கேள்விக்குச் சுருக்கமான பதில்: விடாதீர்கள். வழிபாட்டில் எதுவும் தோன்றாதது கடவுள் இல்லை என்பதற்கோ உங்களிடம் பக்தி இல்லை என்பதற்கோ அடையாளம் கிடையாது. 2007இல் அன்னை தெரசாவின் தனிப்பட்ட கடிதங்கள் நூலாக வந்தபோது, அவர் பல பத்தாண்டுகள் கடவுளின் அருகாமையை உணராமலே பிரார்த்தனை செய்துகொண்டும் உழைத்துக்கொண்டும் இருந்தது தெரியவந்து உலகமே திகைத்தது. உணர்வு வந்தால்தான் போவேன் என்றால் நாம் தேடுவது உணர்வை. தவிர, அங்கே நீங்கள் தனியாள் இல்லை. பக்கத்தில் நிற்பவர்களின் கஷ்டம் காதில் விழும், உங்கள் கஷ்டத்தை அவர்கள் கேட்பார்கள். திரையரங்கில் விளக்கு போட்டதும் எல்லோரும் எழுந்து அவரவர் வழியில் போய்விடுகிறோம்.

கடைசியாக உங்கள் மனைவியைப்பற்றி. அந்தக் கேள்வியில் கோபத்தைவிட ஏக்கம்தான் எனக்குக் கேட்கிறது. தான் தினமும் நிற்கிற இடத்தில் கணவர் மனதால் இல்லை என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். சினிமாவில் கடவுள் வருவார் என்று அவரிடம் வாதாடி நிரூபிக்கப் பார்க்காதீர்கள். பிரார்த்தனை செய்யும்போது உனக்கு என்ன நடக்கிறது என்று கேளுங்கள். இத்தனை வருடத்தில் நீங்கள் கேட்டிருக்கிறீர்களா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் வறண்ட நாட்கள் இருந்திருக்கும், அப்போது எப்படித் தாக்குப்பிடித்தார் என்பதை என்னைவிட அவர் நன்றாகச் சொல்லுவார். அவர் சொல்லி முடித்த பிறகு, அந்தக் காட்சியில் உங்களுக்கு யாருடைய நினைவு வந்தது என்பதை அவரிடம் சொல்லுங்கள்.